மூலைத் தென்னையும் இரண்டு மில்லிவோல்ற்றும்

ஊசி வலது கரையில் போய் ஒட்டிக்கொண்டது. சிவதர்ஷன் மீற்றரை விரலால் தட்டினான். ஊசி அசையவில்லை.

"பாத்தியே?" என்றார் தம்பிராசா, மனைவியைப் பார்த்து. "நான் சொன்னால் நம்பமாட்டாய். இப்ப மெசினே சொல்லுது. மரம் முழுக்க வண்டு."

வளவின் கிழக்கு மூலையில், தென்னைக்குக் கீழே மூன்று பேரும் நின்றார்கள். மரத்தில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு வட்டத் தகடு, பாட்டுப் படிக்கும் பழைய வாழ்த்து அட்டை ஒன்றிலிருந்து கழற்றியது. தகட்டிலிருந்து வயர். வயரின் முடிவில் ஒரு பிஸ்கற் ரின். ரின்னுக்குள் சிவதர்ஷனின் மூன்று நாள் வேலை.

"மாமா, இது வண்டு இல்லை."

"அப்ப ஊசி ஏன் அந்தக் கரையிலை நிக்குது?"

"மெசினிலை ஒரு சின்னப் பிழை."

"பிழை எண்டால் ஊசி கிடந்த இடத்திலையெல்லோ கிடக்கும்? இது எழும்பி ஓடியெல்லோ போகுது."

சிவதர்ஷன் தகட்டைக் கழற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனான். உடுப்புத் தோய்க்கிற கல்லில் வைத்தான். ஊசி அதே கரையில் நின்றது.

மாமி மீனாம்பிகை கல்லையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப கல்லுக்கும் வண்டு விழுந்திட்டுதோ?"

"கல்லை விடு," என்றார் தம்பிராசா. "மரத்துக்குக் காட்டுது. அது காணும்."

சிவதர்ஷன் சுபாஜினியைக் கலியாணம் செய்து இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம். வீடு சுபாஜினியின் சீதனம். அவன் உடுப்பிட்டிக்காரன். கொடிகாமத்துக்கு வந்தபோது இரண்டு சூட்கேசும், வயர்களும் ஐ.சி.களும் நிரம்பிய ஐந்து அட்டைப் பெட்டிகளும் கொண்டுவந்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படிப்பிக்கிறவன். மாமா வருகிறவர்களிடம், "மருமோன் வயர் வேலை," என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவார். எட்டு மாதத்தில் அவர் அவனிடம் கேட்ட கேள்விகள் மூன்று. சாப்பிட்டீரோ. பஸ் கிடைச்சுதோ. ஞாயிறும் வகுப்போ.

போன கிழமை ஒரு மத்தியானம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் மாமா ஒரு அறிவித்தல் விட்டார்.

"மூலைத் தென்னைக்கு வண்டு விழுந்திட்டுது. வெட்ட வேணும்."

மாமியின் அகப்பை பாதி வழியில் நின்றது. "காய்க்கிற மரத்திலை கத்தி வைக்க நான் விடன்."

"காய்க்கிற மரம் எண்டாலும் வண்டு விழுந்தால் சவம் தானே."

"முதல்லை வண்டைக் காட்டுங்கோ."

அந்த வீட்டில் மாமி விடாத ஒன்று நடந்ததில்லை. போதாததற்கு, காய்க்கிற தென்னையை வெட்டுவதென்றால் தென்னை உத்தியோகத்தர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாக மாமா சொன்னார். சொல்லிவிட்டுச் சன்னலால் மூலையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

மனுசனுக்கு மரத்தை விட மனமில்லை என்று சிவதர்ஷன் நினைத்தான். இதுதான் சந்தர்ப்பம் என்றும் நினைத்தான். மரத்துக்கு ஒன்றுமில்லை என்று காட்டி அதைக் காப்பாற்றிக் கொடுத்தால், மாமா ஒரு நாளாவது அவனை ஒரு தொழில் தெரிந்தவனாகப் பார்ப்பார். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"வண்டின்ரை புழு உள்ளை இருந்து மரத்தைத் தின்னுற சத்தத்தைக் கேக்கலாம், மாமா. நான் ஒரு மெசின் செய்யிறன்."

மாமா ஒரு வாய்ச் சோற்றை வழக்கத்தைவிட அதிக நேரம் மென்றார். "உமக்கேன் தம்பி உந்தக் கரைச்சல்?"

அவன் அதை மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டான்.

தகட்டிலிருந்து வருகிற சத்தம் மிகச் சிறியது. அதை மூன்று படிகளில் பெருக்கினான். ஒவ்வொரு படியும் இருபது மடங்கு. மூன்றும் சேர எண்ணாயிரம் மடங்கு. கணக்கு அழகாக இருந்தது. ஆனால் பெருக்குகிற ஐ.சி.களுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே ஒன்றும் போடாவிட்டாலும் ஒரு இரண்டு மில்லிவோல்ற்று போட்டது போல நடந்துகொள்ளும். அதற்கு ஓஃப்செற் என்று பெயர். தனியாக இருந்தால் யாருக்கும் தெரியாது. மூன்று படி ஏறும்போதுதான் வினை. இரண்டு மில்லிவோல்ற்று முதல் படியில் நாற்பது ஆகும். இரண்டாம் படியில் எண்ணூறு. மூன்றாம் படியில் பதினாறு வோல்ற்று. பற்றரியில் இருப்பது ஒன்பது. ஊசி வேறு எங்கே போகும்?

அவன் முதல் படியில் ஒரு சின்னத் திருகாணி வைத்தான். அதைத் திருகி அந்த இரண்டு மில்லிவோல்ற்றையும் சரிக்கட்டினான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாமாவை மரத்தடிக்குக் கூட்டிப்போனான். ஊசி பூச்சியத்தில் நின்றது.

"இது என்ன, வேலை செய்யேல்லையோ?"

"செய்யுது, மாமா. மரம் சுகமா இருக்கு."

"ம்," என்றார் மாமா. சந்தைக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்கு வெய்யில் ரின்னில் விழுந்தது. ஊசி மெல்லப் புறப்பட்டது. பதினொன்றரைக்கு வலது கரையைத் தொட்டது. சூடு ஏற ஓஃப்செற்றும் ஏறும். திருகாணி காலையில் சரிக்கட்டியது காலைக்குத்தான்.

மாமா சந்தையால் வந்தார். ஊசியைப் பார்த்தார். பையைத் திறந்து ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை எடுத்து மருமகனின் கையில் வைத்தார்.

"எனக்கோ?"

"தின்னும். களைச்சுப் போய் நிக்கிறீர்."

பிறகு வேலிக்கு மேலால் கூப்பிட்டார். "இளையதம்பியண்ணை, ஒருக்கா வாங்கோ. எங்கடை மருமோன் ஒரு மெசின் செய்திருக்கிறார்."

வயர் வேலை என்ற சொல் வரவில்லை. சிவதர்ஷன் கவனித்தான்.

பக்கத்து வளவு இளையதம்பிக்குப் பதினொரு தென்னைகள். ஒன்றைப் பார்த்தால் போதும் என்றார். ஊசி வலது கரைக்கு ஓடியது. மற்றதையும் பாரும் என்றார். பதினொன்றையும் பார்த்த பிறகு கீழே குந்திவிட்டார்.

"பதினொண்டுமோ, தம்பி?"

"அண்ணை, இது மரத்தாலை இல்லை. வெக்கையாலை."

"வெக்கைக்குத்தானே வண்டு வரும்," என்றார் தம்பிராசா.

பின்நேரம் ஒழுங்கை முழுவதும் படலையில் நின்றது. ஒருவர் தன் மரத்தைக் கொண்டுவர முடியாததால் ஒரு குரும்பையைக் கொண்டுவந்திருந்தார். இன்னொருவர் பலாவையும் பார்க்க முடியுமா என்று கேட்டார். ஒரு பெண் தன் அலுமாரியில் மூன்று மாதமாக ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னாள்.

"மெசின் வந்த நாளிலை இருந்து படலை சாத்த முடியேல்லை," என்றார் மாமி. அவர் குரலிலும் முந்தைய உறுதி இல்லை. பன்னிரண்டு மரங்களும் ஒரு கல்லும் எதிர்ச்சாட்சி சொல்லும்போது யாரால்தான் உறுதியாக இருக்க முடியும்?

அடுத்த வழி, படிகளுக்கு நடுவே கொள்ளளவி என்கிற கப்பாசிற்றரை வைப்பது. கொள்ளளவி சத்தத்தை விடும். அசையாமல் நிற்கிற வோல்ற்றை மறிக்கும். ஓஃப்செற் அந்தந்தப் படியோடு நின்றுவிடும், ஏறாது. சிவதர்ஷன் சாப்பாட்டு மேசையில் இருந்து வேலையைத் தொடங்கினான். ஈயத் துளி ஒன்று மேசைச் சீலையில் விழுந்து ஓட்டை போட்டது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. அவன் குசினி மூலைக்குப் போனான். அங்கே மாமி சொன்னார். அவன் ஆட்டுக் கொட்டிலுக்குப் போனான்.

சுபாஜினி தேத்தண்ணியோடு வந்து கொட்டில் வாசலில் நின்றாள்.

"என்னப்பா, இனி இவளோடையோ குடித்தனம்?"

ஆடு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

"இவள் ஒண்டும் கேக்கிறேல்லை," என்றான் சிவதர்ஷன்.

"வயரைத் தின்னுறாள், பாருங்கோ."

அவன் வயரைப் பிடுங்கினான். அவள் சாக்கில் உட்கார்ந்தாள்.

"அப்பா ஒழுங்கையிலை உங்களை இஞ்சினியர் எண்டவராம்."

"மெசின் பிழையாக் காட்டினதுக்கு."

"அதுக்கென்ன?"

"சரியாக் காட்டினால் 'ம்' எண்டிறார். பிழையாக் காட்டினால் மாம்பழம் தாறார்."

"அப்ப பிழையாவே விடுங்கோவன்," என்றாள். சிரிக்கவும் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மெசின் பூச்சியத்தில் நின்றது. வெய்யிலுக்கும் நின்றது. சிவதர்ஷன் மூச்சை விட்டான். மெசினைப் போட்டுச் சரியாக நான்கு நிமிடத்தில் ஊசி நகரத் தொடங்கியது. ஆறாவது நிமிடம் வலது கரை.

நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டான். நான்கு நிமிடம் பூச்சியம். பிறகு வலது கரை.

இளையதம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யோசித்தார். யோசித்து முடித்ததும் சொன்னார்: "ஆள் வாற சத்தத்துக்குப் புழு அடங்கிப் போகுது. நாலு நிமிசத்திலை ஆள் போட்டுது எண்டு நினைச்சுத் திரும்பத் தின்னத் தொடங்குது."

எல்லோருக்கும் இது சரியாகப் பட்டது. அன்று பின்நேரம் ஒழுங்கையில் போனவர்கள், வளவுக்கு வளவு ஆட்கள் தென்னைக்குக் கீழே மணிக்கூட்டைப் பார்த்தபடி அசையாமல் நிற்பதைக் கண்டார்கள். யாரும் கதைக்கவில்லை. நாய்கள் குரைக்கவில்லை. தம்பிராசா தன் மரத்தடியில் ஒரு கதிரையைப் போட்டு மருமகனை இருத்தினார்.

"அவசரப்படாதேயும், தம்பி. நாலு நிமிசம் வடிவாப் பொறும். சிலவேளை அஞ்சும் ஆகும்."

மரத்துக்காகக் கவலைப்படுகிற மனிதன் இவ்வளவு சந்தோசமாக இருப்பது சிவதர்ஷனுக்கு விளங்கவில்லை. ஆனால் கதிரை வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை கல்லூரியில் விடைத்தாள் திருத்தினான். மூன்று படிப் பெருக்கி வரைக என்பது கேள்வி. ஒரு மாணவி படிகளுக்கு நடுவே கொள்ளளவியை வைத்துவிட்டு, அதற்குப் பிறகு நிலத்துக்கு, அதாவது ஏர்த்துக்கு, ஒரு மின்தடை வைக்க மறந்திருந்தாள். சிவதர்ஷன் வழக்கம்போலச் சிவப்புப் பேனையால் எழுதினான்: 'ஐ.சி. இழுக்கும் மின்னோட்டம் வந்துபோக வழி எங்கே? கொள்ளளவி மெல்ல மெல்ல நிரம்பி ஊசி கரைக்குப் போய்விடும். இரண்டு புள்ளி குறைப்பு.'

எழுதிவிட்டுத் தான் எழுதியதை வாசித்தான். திரும்ப ஒருமுறை வாசித்தான். இந்தப் பிழைக்கு ஆறு வருடமாகப் புள்ளி வெட்டுகிறவன் அவன். பிள்ளைக்கு ஒரு புள்ளியைத் திருப்பிக் கொடுத்தான்.

ஆட்டுக் கொட்டிலில் ஒவ்வொரு கொள்ளளவிக்குப் பிறகும் நிலத்துக்கு ஒரு தடையைப் பற்றவைத்தான். புதன்கிழமை காலை ஊசி பூச்சியத்தில் நின்றது. நான்கு நிமிடம் நின்றது. அரை மணித்தியாலம் நின்றது. வியாழன் உச்சி வெய்யிலிலும் நின்றது. தகட்டை நகத்தால் சுரண்டினால் மட்டும் துள்ளியது. விட்டால் பூச்சியத்துக்கு வந்தது. மரத்தில் வைத்தால் ஒன்றுமே இல்லை. அவன் கல்லில் வைத்தான். கல்லுக்கும் சுகமாகிவிட்டது.

"மாமா, முடிஞ்சுது. மரத்திலை ஒரு புழுவும் இல்லை."

"ம்."

"இளையதம்பியண்ணையின்ரை பதினொண்டும் சுகம்."

"அவருக்குச் சந்தோசமாயிருக்கும்," என்றார் மாமா. கதிரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று சாப்பாட்டில் மாமா சோற்றில் கைவைக்கவில்லை. ரசத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிவதர்ஷன் மெசினை மனதுக்குள் திரும்பக் கழற்றிப் பூட்டினான். எங்கே பிழைத்தது? சுற்றில் இனிப் பிழை இல்லை. அது மட்டும் நிச்சயம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தென்னை உத்தியோகத்தர் கேதீஸ்வரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஹெல்மெற்றைக் கழற்றிக் கண்ணாடியில் கொழுவினார். வேலியில் பதினைந்து தலைகள் தெரிந்தன.

"மெசின் இருக்கெண்டு ஒழுங்கைத் தொங்கலிலையே சொல்லிப்போட்டினம்," என்றார். "எனக்கும் ஒருக்கால் காட்டுங்கோ."

சிவதர்ஷன் தகட்டை ஆணியில் கொழுவினான். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒரு சின்ன ஸ்பீக்கரையும் பூட்டியிருந்தான். ஆளியைப் போட்டு மெசினை இயக்கினான்.

கறுக். கறுக். கறுக்.

ஊசி ஒவ்வொரு கறுக்குக்கும் துள்ளியது. பல்லுள்ள ஏதோ ஒன்று அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தது.

"கேட்டீங்களோ, மிஸ்," என்றார் தம்பிராசா. "இனி என்ன சாட்சி வேணும்?"

மாமி முந்தானையால் வாயைப் பொத்தினார். "வெட்டுங்கோ," என்றார். "நான் இனித் தடுக்கேல்லை."

தம்பிராசா நடந்து வந்து மருமகனின் தோளில் கையை வைத்தார். எட்டு மாதத்தில் முதல் தடவை. கை பாரமாகவும் சூடாகவும் இருந்தது. வேலியைப் பார்த்துச் சொன்னார்: "எங்கடை இஞ்சினியர் செய்தது. இந்தக் கொடிகாமத்திலை இப்பிடி மூளை உள்ள ஒரு ஆளைக் காட்டுங்கோ, பாப்பம்."

கேதீஸ்வரி பேனையைத் திறந்தார்.

சிவதர்ஷன் அசையாமல் நின்றான். அசைந்தால் கை விழுந்துவிடும். ஊசியைப் பார்த்தான். கறுக், கறுக். நேற்று இல்லாத புழு இன்றைக்கு எங்கிருந்து வந்தது? ஊசி திடீரென்று நின்றது. அவன் நிமிர்ந்தான். மரத்துக்கு அந்தப் பக்கம் ஆடு தலையைத் தூக்கி உத்தியோகத்தரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கயிறு மரத்தில் கட்டி இறுகியிருந்தது. காலடியில் ஒரு கட்டுப் பலாக் குழை. ஆடு தலையைக் குனித்தது. கறுக்.

சொல்லாமல் விடலாம். ஒரு கையெழுத்து, ஒரு மரம். தோளில் அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். பிறகு சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வி வரும், நாலாவது கேள்வி. அவன் மூன்று கறுக் வரைக்கும் யோசித்தான்.

"மிஸ், ஒரு நிமிசம்."

ஆட்டை அவிழ்த்தான். அது குழையை விட்டு வர மறுத்தது. இழுத்துக்கொண்டுபோய்க் கிணற்றடியில் கட்டினான். திரும்பி வந்தான். ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. ஊசி பூச்சியத்தில்.

"நாலு நிமிசம் பொறுங்கோ," என்று வேலியிலிருந்து இளையதம்பி சொன்னார்.

பொறுத்தார்கள். பத்து நிமிடம் பொறுத்தார்கள். கேதீஸ்வரி சிவதர்ஷனிடம் ஒரு ஹெட்போனை வாங்கிப் போட்டுக்கொண்டு தகட்டை மரத்தில் மூன்று இடம் மாற்றி வைத்துக் கேட்டார். அடிமரத்தை நாலு பக்கமும் தடவினார்.

"ஓட்டை இல்லை. சாறு வடியேல்லை. சத்தமும் இல்லை. நல்ல மரம்." அனுமதியில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். "ஆட்டை ஆர் மரத்திலை கட்டினது?"

"நிழலுக்கு," என்றார் தம்பிராசா.

கேதீஸ்வரி சிவதர்ஷனிடம் திரும்பினார். "தம்பி, நாங்கள் மரத்தைத் தட்டிப் பாத்தும் மணந்து பாத்தும் தான் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருக்கிறம். எங்களுக்கு இதிலை நாலு செய்து தருவீங்களோ?"

"செய்யலாம், மிஸ்."

"எங்கை வைச்சுச் செய்யிறனீங்கள்?"

சிவதர்ஷன் கிணற்றடியைப் பார்த்தான். "கொட்டிலிலை. அவளோடை."

ஆடு கத்தியது. வேலி சிரித்தது. இளையதம்பி தன் பதினொரு மரங்களுக்கும் செய்தி சொல்லப் போவது போல அவசரமாகப் போனார். மாமி மரத்தை ஒருமுறை தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மருமகனைப் பார்த்து, "இண்டைக்குப் பாயாசம்," என்றார். சுபாஜினி வாசற்படியில் நின்று இரண்டு கையையும் தட்டினாள்.

சிவதர்ஷன் மாமாவைத் தேடினான். அவர் தோய்க்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் இரண்டு கைகள்.

"மரம் தப்பீட்டுது, மாமா."

"ஓம்."

"உங்களுக்குச் சந்தோசமில்லையோ?"

தம்பிராசா மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். "நல்ல மெசின், தம்பி," என்றார். செத்த வீட்டில் கைகொடுக்கிறவரின் குரல். "ஒரு குறையும் சொல்லேலாது."

சிவதர்ஷன் வயரைச் சுற்றத் தொடங்கினான். மூன்று படி ஏறி வர ஒரு மில்லிவோல்ற்றுக்கூட மிச்சமில்லை. வேறு எதையும் அளக்கிற மெசின் அவனிடம் இல்லை.

படலை திறந்தது. மேசன் அடைக்கலநாதன் சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். காரியரில் நூலுண்டையும் நாலு முளைக்கட்டைகளும். தம்பிராசா கல்லிலிருந்து எழும்பிக் கையைக் காட்டினார், வேண்டாம் என்பது போல. மேசன் அதைக் காணவில்லை. அவர் மூலைத் தென்னையை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருமோன் சாமானுகளை வைச்சு வேலை செய்ய ஒரு நல்ல அறை கட்ட வேணும், மரம் வெள்ளிக்கிழமை விழுந்திடும் எண்டெல்லோ ஐயா சொன்னனீங்கள்? இப்ப இது நடு அறைக்கை நிக்குது."